'பை' பட்டனை அழுத்தி வாங்கிய படம் யாருடையது?

நொய்யல்கரை:

வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் கோவைக்குத் திரும்பியிருக்கிறேன். அங்கே இருந்தபோது ஒரு பெரிய ஆன்லைன் கடையில் (பெயர் வேண்டாம்) சம்பளம் வந்த கையோடு மாதம் ஒன்றிரண்டு படம் வாங்குவது என் வழக்கம். வாடகைக்கு இல்லை, 'பை' (வாங்கு) என்று போட்டிருக்கும் பட்டனை அழுத்தி முழுக் காசு கொடுத்து வாங்கியவை. இங்கே வந்ததும் சிங்கப்பூர் வங்கிக் கணக்கை மூடிவிட்டதால் கடைக் கணக்கின் நாட்டையும் இந்தியா என்று மாற்ற வேண்டியதாகிவிட்டது. மாற்றினேன், அவ்வளவுதான், லைப்ரரியில் பாதிப் படங்களைக் காணோம். போஸ்டர் கூட இல்லை, வாங்கியதற்கான தடமே இல்லை, பழைய மின்னஞ்சல் ரசீதுகள் மட்டும் இருக்கின்றன.

வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் ரொம்ப மரியாதையாக "இந்தத் தலைப்புகள் உங்கள் தற்போதைய நாட்டில் கிடைப்பதில்லை சார்" என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஒட்டுகிறார்கள். அப்படியானால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றால் விதிமுறைகள் பக்கத்துக்கு ஒரு லிங்க் வருகிறது.

என் கேள்வி இரண்டு. ஒன்று, இது சட்டப்படி சரியா, நான் ஏதாவது செய்ய முடியுமா? இரண்டாவதுதான் இப்போதைக்கு முக்கியம். அப்பா ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறார், அவருக்குப் பிடித்த பழைய படங்களை நல்ல பிரிண்டில் ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுக்கலாம் என்று ஆசை. இன்று ஓர் ஓடிடியில் இருக்கிற படம் அடுத்த மாதம் இன்னொன்றுக்குப் போய்விடுகிறது, அதை நம்பி அவரிடம் ரிமோட்டைக் கொடுக்க முடியாது. மறுபடியும் டிஜிட்டலில் காசு கொடுத்து வாங்குவதா, பழைய டிவிடிகளைத் தேடுவதா? டிவிடி வாங்கி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொள்வது தப்பா?

டிக்கெட்கிழிப்பவன்:

அந்த விதிமுறைகளுக்குக் கீழே டிக் அடித்தது நீங்கள்தானே தல 😀 நானும்தான் அடித்திருக்கிறேன், படித்ததில்லை. தியேட்டரில் கொடுக்கும் காசுக்குக் குறைந்தபட்சம் அரைத் துண்டு டிக்கெட்டாவது கையில் மிஞ்சும்.

வாய்தா:

நான் வக்கீல்தான், ஆனால் காப்புரிமை என் அன்றாடப் பிழைப்பு இல்லை, செக் பவுன்ஸும் வாடகைத் தகராறும்தான். அதனால் இதைப் பொதுவான விளக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் டிவிடி வாங்கினால் அந்தத் தட்டு உங்கள் சொத்து. படத்தின் காப்புரிமை தயாரிப்பாளரிடமே இருக்கும், அது வேறு. தட்டு உங்கள் பொருள் என்பதால் மச்சானுக்கு இரவல் கொடுக்கலாம், பழைய கடையில் போடலாம், யாரும் கேட்க முடியாது. அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு முதல் விற்பனைக் கோட்பாடு என்று பெயர், அங்கே 109ஆவது பிரிவு. நம் 1957 காப்புரிமைச் சட்டத்தில் சினிமாப் பிரதிக்கு மட்டும் ஒரு வில்லங்கம் இருந்தது. அந்தப் பிரதி முன்பே விற்கப்பட்டதாக இருந்தாலும் அதை விற்கும், வாடகைக்கு விடும் உரிமை தயாரிப்பாளருக்குத்தான் என்ற பொருளில் ஒரு வாசகம். 2012 திருத்தத்தில் அந்த வாசகத்தை எடுத்துவிட்டார்கள், பழைய தட்டை விற்பவனுக்கு அது பெரிய நிம்மதி.

டிஜிட்டலில் தட்டே கிடையாது. உங்களுக்கும் கடைக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது, அதில் "இன்ன நாட்டில், இன்ன கணக்கில், எங்களிடம் விநியோக உரிமை இருக்கும்வரை பார்த்துக்கொள்ளலாம்" என்ற அனுமதி இருக்கிறது. அதை விற்க முடியாது, இரவல் கொடுக்க முடியாது, பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவும் முடியாது. ஆப்பிளில் நாம் இறந்த பிறகு நம் கணக்கைத் திறந்து பார்க்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் வசதி இருக்கிறது, போட்டோ, குறிப்புகள் எல்லாம் அவருக்குக் கிடைக்கும். காசு கொடுத்து வாங்கிய சினிமா, பாட்டு, புத்தகம் கிடைக்காது என்று அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். என் கட்சிக்காரர் ஒருவர் உயிலில் 'என் டிஜிட்டல் படங்கள் அனைத்தும் இளைய மகனுக்கு' என்று சேர்க்கச் சொன்னார், மூத்தவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று சொல்லிச் சிரித்துவிட்டு அந்த வரியை அடித்தோம்.

இந்த 'வாங்கு' என்ற சொல்லைப் பற்றி முதலில் சட்டம் போட்டது கலிஃபோர்னியா. ஏபி 2426 என்று பெயர், 2024 செப்டம்பரில் கையெழுத்தாகி 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளுக்கு 'பை' என்று பட்டன் வைத்தால், உங்களுக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்று காசு கட்டுவதற்கு முன்பே தெளிவாகச் சொல்ல வேண்டும், விதிமுறைக் காட்டுக்குள் ஒளித்து வைத்தால் போதாது. இணையம் இல்லாமலும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி டவுன்லோட் கொடுக்கிற கடைக்கு இது பொருந்தாது. கேம் விற்கும் ஸ்டீம், 2024 அக்டோபரிலேயே கார்ட் பக்கத்தில் இந்த வரியைப் போட ஆரம்பித்துவிட்டது. ஆனால் ஒன்று, இந்தச் சட்டம் கடைக்காரனை முன்கூட்டியே சொல்லச் சொல்கிறதே தவிர, படத்தைப் பிடுங்காதே என்று சொல்லவில்லை.

நம் ஊரில் 2023 நவம்பரில் நுகர்வோரை ஏய்க்கும் இணைய வடிவமைப்புகள் பற்றி வழிகாட்டு நெறிகள் வந்தன, 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். 'வாங்கு' என்று சொல்லி உரிமம் விற்பது அதில் தனி வகையாக இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழி இருக்கிறது, 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் கோவையிலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் வாங்கியது சிங்கப்பூரில், விற்றது அங்குள்ள நிறுவனம், அந்த நாட்டு விதிமுறை என்று எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே ஆரம்பிக்கும். உங்கள் படங்களின் மொத்த மதிப்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஹார்ட் டிஸ்க் கேள்விக்கு: சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை நம் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அனுமதிக்கிறது. டிவிடியில் இருக்கும் பூட்டை உடைப்பது பற்றி 65ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, இரண்டு வருடம் வரை சிறை, அபராதம் எல்லாம் உண்டு, ஆனால் அது உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பவனைப் பற்றியது. தான் வாங்கிய தட்டைத் தன் வீட்டில் பார்க்கப் படியெடுப்பவனுக்கு நல்ல வாதம் இருக்கிறது என்பது என் எண்ணம். நகல் போட்டு நாலு பேருக்குக் கொடுத்தால் அந்த வாதம் காலி.

ஒருவாட்டிபோதும்:

எல்லோரும் ஒரேயடியாகப் பயமுறுத்துகிறீர்கள். கொஞ்சம் மாற்றி யோசிப்போமா?

வாங்கிய படத்தில் எத்தனையை இரண்டாவது முறை பார்த்தீர்கள் என்று நேர்மையாகச் சொல்லுங்கள் பாஸ். என் வீட்டில் டிவிடி மோகம் இருந்த காலத்தில் மோசர் பேயர் தட்டுகள் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாகக் கிடந்தன. 2007இல் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று அவர்கள் இறக்கியபோது சூப்பர் மார்க்கெட்டில் பிஸ்கட்டோடு சேர்த்து அள்ளிக்கொண்டு வருவோம். அந்தக் கம்பெனியே 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது. தட்டு இருக்கிறதே என்கிறீர்களா? எடுத்துப் பாருங்கள். சென்னை ஈரத்தில் பாதிக்கு மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போய் பாட்டு நடுவில் கட்டம் கட்டமாக நிற்கிறது. போட்டுப் பார்க்க பிளேயர்? எல்ஜி 2024 கடைசியில் புளூரே பிளேயர் தயாரிப்பையே விட்டுவிட்டது. அமெரிக்காவில் பெஸ்ட் பை கடைகளில் 2024 முதல் தட்டே விற்பதில்லை. தட்டு நிரந்தரம் என்பதும் ஒரு நம்பிக்கைதான்.

இன்னொரு பக்கமும் சொல்கிறேன். 2017இல் ஆப்பிள் 4கே கொண்டுவந்தபோது எச்டியில் வாங்கியவர்களுக்குப் பல படங்களை இலவசமாகவே 4கேவுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். விஎச்எஸ், விசிடி, டிவிடி, புளூரே என்று ஒரே படத்துக்கு நான்கு முறை காசு அழுத தலைமுறைக்கு இது பெரிய விஷயம். மைக்ரோசாஃப்ட் 2025 ஜூலையில் படம் விற்பதை நிறுத்தியது, ஏற்கெனவே வாங்கியவர்கள் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். எல்லாக் கடையும் மூடிய அன்றைக்கே பிடுங்கிக்கொண்டு ஓடவில்லை.

என் கொள்கை: வாடகை. தொடங்கினால் பெரும்பாலும் 48 மணி நேரம், அதற்குள் பார்த்து முடித்தால் கதை முடிந்தது. வாங்கும் விலையில் மூன்று நான்கு முறை வாடகைக்கு எடுக்கலாம், நான்காவது முறை பார்க்கிற படம் என்று என் வாழ்க்கையில் நாலைந்துதான் இருக்கும். பிரைம் வீடியோ 2022இல் இந்தியாவில் தனிப்படக் கடை திறந்தபோது வாடகை மட்டும்தான் வைத்தது, விற்பனையே வைக்கவில்லை. நம் ஆட்களின் மனசு அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வடக்குக்குளிர்:

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். மேலே உள்ள தம்பி சொல்வது ஒருமுறை பார்க்கும் படத்துக்குச் சரி. நொய்யல்கரை கேட்டது தகப்பனுக்கு, திரும்பத் திரும்பப் பார்க்கும் படங்களுக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

நாங்கள் இங்கே வந்த காலத்தில் தமிழ்க் கடையில் மரக்கறியோடு சேர்த்துப் படக் கசற்றும் வாடகைக்கு எடுப்போம், பிறகு இறுவட்டு வந்தது. ஐங்கரன் இறுவட்டு என்றால் ஒரு மதிப்பு, கொப்பி அடித்ததை அதற்குப் பக்கத்தில் வைக்கவே மாட்டோம். என்னிடம் இருக்கிற அந்த இறுவட்டுகள் இன்றைக்கும் வடிவாக ஓடுகின்றன, இங்கே சென்னையின் ஈரம் இல்லை என்பதும் ஒரு காரணமாக்கும்.

டிஜிட்டல் கடைகள் பற்றிச் சொல்ல இங்கே கனக்க இருக்கிறது. அல்ட்ராவயலட் என்று ஒன்று 2011இல் தொடங்கினார்கள். புளூரே பெட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதம், அதில் உள்ள எண்ணைத் தட்டினால் படம் உங்கள் அலமாரியில், எந்தக் கடையிலும் பார்க்கலாம் என்று பெரிய ஸ்டூடியோக்கள் சேர்ந்து கொடுத்த வாக்கு. 2019 ஜூலை 31 அன்று அதை மூடினார்கள். யார் அந்த அலமாரியை ஏதாவது ஒரு கடையோடு இணைத்து வைத்திருந்தார்களோ அவர்களின் படங்களில் பெரும்பகுதி தப்பின, இணைக்காமல் விட்டவர்கள் பாடு திண்டாட்டம். அதற்குப் பதிலாக வந்த மூவீஸ் எனிவேர் அமெரிக்காவுக்கு மட்டும், கனடாக்காரருக்கு அதுவும் இல்லை. ஃபனிமேஷன் என்ற அனிமே நிறுவனம் இறுவட்டோடு 'என்றென்றைக்கும்' என்று சொல்லிக் கொடுத்த டிஜிட்டல் பிரதிகள் 2024 ஏப்ரல் 2 அன்று அந்தச் செயலியோடு போய்ச் சேர்ந்தன. ஜேர்மனியிலும் ஒஸ்ரியாவிலும் பிளேஸ்டேஷனில் வாங்கிய ஸ்டூடியோகனால் படங்களை 2022 ஆகஸ்ட் 31இல் எடுத்தார்கள். அடுத்த வருடமே டிஸ்கவரி நிகழ்ச்சிகளையும் எடுக்கப்போவதாக அறிவித்தார்கள், சனம் கொதித்ததும் தேதி வருவதற்கு முன்பே பின்வாங்கினார்கள். பின்வாங்கினாலும் பட்டன் யார் கையில் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

நொய்யல்கரைக்கு ஒரு உதவி. நாட்டை மாற்றாமல் இருப்பதுதான் வழி, மாற்றிவிட்டாலும் பல கடைகளில் மீண்டும் பழைய நாட்டுக்குத் திருப்பலாம், சந்தா ஒன்றும் ஓடாமல் இருக்க வேண்டும், மீதிக் காசு பூச்சியமாக இருக்க வேண்டும். அந்த நாட்டுப் பரிசு அட்டை ஒன்று வாங்க உங்கள் சிங்கப்பூர்ச் சிநேகிதர் யாரும் இருப்பார்கள்தானே. திரும்பிய பிறகு அந்தக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு, இந்தியாவுக்குப் புதுக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். தொலைக்காட்சிப் பெட்டியில் இரண்டையும் மாறி மாறி உள்நுழையலாம். தொந்தரவுதான், ஆனாலும் கட்டிய காசுக்குப் படம் பார்க்கலாம். டவுன்லோட் வசதி இருக்கிற படங்களை உடனே இறக்கியும் வையுங்கள்.

ரிச்சிதெருரசிகன்:

வக்கீல் சாரும் கனடா அண்ணனும் பெரும்பாலும் சொல்லிவிட்டார்கள், நான் தட்டு பக்கம் மட்டும் எழுதுகிறேன், அதுதான் எனக்குத் தெரிந்தது.

முதலில் டவுன்லோட் பற்றி ஒரு திருத்தம். கடை ஆப்பில் இறக்கி வைக்கிற ஃபைல் டிஆர்எம் பூட்டோடு வருகிறது. அதைப் பென் டிரைவில் போட்டு வேறு டிவியில் செருகினால் ஓடாது, அந்த ஆப்புக்குள்தான் ஓடும், ஆப் சர்வரிடம் சாவி வாங்கித்தான் திறக்கும். பழைய புரொஜெக்டரில் எச்டிசிபி (கேபிள் வழியே படத்தை நகலெடுக்க விடாத பூட்டு வசதி) இல்லையென்றால் காசு கொடுத்த 4கே படம் மங்கலாக வரும், அல்லது வரவே வராது. இதெல்லாம் தட்டுக்குக் கிடையாது என்று சொல்லவில்லை, புளூரேயிலும் பூட்டு உண்டு, ஆனால் சாவி பிளேயருக்குள்ளேயே இருக்கிறது.

தரம் கேட்டீர்கள். 4கே தட்டில் நொடிக்கு 128 மெகாபிட் வரை போகலாம், ஸ்ட்ரீமிங்கில் 4கே என்று வருவது பெரும்பாலும் 15இலிருந்து 25க்குள். இருட்டுக் காட்சியில் சுவரில் படிப்படியாகப் பட்டை தெரியுமே, அது இந்த வித்தியாசம்தான். ஆனால் அப்பாவின் பழைய தமிழ்ப் படங்களுக்கு இந்தப் பேச்சு தேவையில்லை, புளூரேயில் வந்த தமிழ்ப் படங்களே ரொம்பக் குறைவு, கறுப்பு வெள்ளைக்கு அதைத் தேடி அலைய வேண்டாம்.

விசிடி பக்கம் போகாதீர்கள். 352க்கு 288 படம், ஒரு தட்டில் 80 நிமிடத்துக்கு மேல் கொள்ளாது, அதனால் ஒரு படத்துக்கு இரண்டு மூன்று தட்டு, சண்டை பாதியில் இருக்கும்போது எழுந்துபோய் மாற்ற வேண்டும். இன்றைய 55 அங்குல டிவியில் முகமே தெரியாது. டிவிடி வாங்கினால் பின்னட்டையைப் பாருங்கள். ஒரே தட்டில் மூன்று படம் என்று போட்டிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், 4.7 ஜிபியோ 8.5 ஜிபியோ இருக்கும் இடத்தில் மூன்று படத்தை நசுக்கினால் என்ன மிஞ்சும். ஒரு தட்டு ஒரு படம், பழைய வெளிநாட்டு வெளியீடு என்றால் நல்லது. அதிலும் வலது மூலையில் கம்பெனி லோகோ படம் முழுக்க உட்கார்ந்திருக்கும், சிலவற்றில் போன் நம்பர் வேறு, அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும் அதே படத்தைப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், பல சமயம் அகலத்திரைப் படத்தின் இரண்டு ஓரத்தையும் வெட்டி டிவிக்காகச் சதுரமாக்கிய பிரிண்ட் அங்கே இருக்கும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் இரண்டு மூக்கு மட்டும் தெரிந்தால் அதுதான்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு, இங்கேயே கொட்டிவிடுகிறேன். சேரன் 2015இல் சி2எச் என்று தொடங்கி 50 ரூபாய்க்கு ஒரிஜினல் டிவிடியை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடு செய்தார். திருட்டு தட்டு விலைக்கே ஒரிஜினல். அது நிலைத்திருந்தால் இன்று நம்மிடம் பேச ஒரு தட்டுச் சந்தையாவது இருந்திருக்கும். புதுப்படம் நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகிறது, தட்டில் வருவதே இல்லை, வாங்கலாம் என்று ஆசைப்பட்டாலும் வாங்கப் பொருள் இல்லை. பத்து வருடம் கழித்து அந்த ஓடிடி ஒப்பந்தம் முடிந்த பிறகு எங்கே போய்த் தேடுவது?

ஏற்றும் முறை: ஒரு யுஎஸ்பி டிவிடி டிரைவ், தட்டிலிருந்து படியெடுக்க மேக்எம்கேவி என்ற மென்பொருள், ஹார்ட் டிஸ்க் இரண்டு (ஒன்றில் மட்டும் வைத்தால் வைக்காததற்குச் சமம்), அதை டிவியில் பார்க்க ஜெல்லிஃபின் என்ற மென்பொருள். பிளெக்ஸும் இருக்கிறது, ஆனால் 2025 ஏப்ரலிலிருந்து வெளியூரில் இருந்து பார்க்கக் காசு கேட்கிறார்கள், வீட்டுக்குள் மட்டும் என்றால் பரவாயில்லை. தட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வக்கீல் சார் சொன்ன வாதத்துக்கு அதுதானே சாட்சி.

ஒருவாட்டிபோதும்:

ஹார்ட் டிஸ்க் இரண்டு, டிரைவ், சர்வர். இதற்கெல்லாம் ஆகும் காசில் பத்து வருடம் வாடகைக்குப் படம் பார்ப்பேன் 🙏 ஆனால் அந்த மூக்கு விஷயம் உண்மை, நேற்றுதான் பார்த்தேன்.

நொய்யல்கரை:

எல்லோருக்கும் நன்றி. வாய்தா சார், வழக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், ரசீதுகளை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன். கனடா அண்ணா சொன்னபடி நாட்டைத் திருப்பினேன், சிங்கப்பூர் நண்பன் பரிசு அட்டை அனுப்பினான், போன படங்களில் அநேகமாக எல்லாமே வந்துவிட்டன. ஒன்றிரண்டு இன்னும் வரவில்லை, அவை அங்கேயே விற்பனையிலிருந்து போய்விட்டன போலிருக்கிறது. இனி அந்தக் கடையில் வாங்கப்போவதில்லை, புதுப்படம் என்றால் வாடகை, அப்பா பட்டியல் மட்டும் டிவிடி. உக்கடத்தில் ஒரு பழைய கடைக்காரர் கேட்ட பட்டியலில் பாதியை எடுத்து வைத்திருக்கிறேன் என்று போன் செய்தார்.

ஒரு சந்தேகம். என்னிடம் சிங்கப்பூரில் வாங்கிய ஆங்கில டிவிடிகளும் இருக்கின்றன, இங்கே வாங்கிய டிரைவில் ரீஜன் மாற்றவா என்று கேட்கிறது. ஓகே கொடுக்கலாமா?

ரிச்சிதெருரசிகன்:

உடனே கொடுக்காதீர்கள்! டிரைவில் ரீஜனை (எந்த நாட்டுப் பகுதியின் தட்டு ஓடும் என்ற எண்ணை) ஐந்து முறைதான் மாற்ற முடியும், கடைசியாக எதில் நிற்கிறதோ அதிலேயே பூட்டிக்கொள்ளும். சிங்கப்பூர்த் தட்டு ரீஜன் 3, இந்தியத் தட்டு 5. பெட்டியின் பின்னால் சின்ன உலக உருண்டைக்குள் நம்பர் போட்டிருக்கும் பாருங்கள். தமிழ்த் தட்டுகளில் பெரும்பாலானவை 'ஆல்' என்று இருக்கும், அவற்றுக்கு எதையும் மாற்ற வேண்டியதில்லை. அதனால் 3 என்று நம்பர் உள்ள தட்டுகளை மொத்தமாக ஒரு பக்கம் அடுக்கி, டிரைவை ஒரு முறை 3க்கு மாற்றி எல்லாவற்றையும் ஏற்றி முடித்துவிட்டு, அப்புறம் 5க்குத் திருப்பி அப்படியே விட்டுவிடுங்கள். உக்கடம் கடைக்காரரிடம் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள், ஓரத்தில் பூத்திருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.